வெல்டரிடம் கண்ணைப் பற்றிக் கேட்கக் கூடாது

பட்டறையில் அவளைப் 'புதுசு' என்று கூப்பிடுவார்கள். சேர்ந்த காலத்தில் வைத்த பெயர். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், இரண்டு ஃபோர்மேன்கள் ஓய்வு பெற்றார்கள், கூரையைக்கூட ஒரு தடவை பிரித்து மாற்றினார்கள். அவள் மட்டும் புதுசாகவே இருந்தாள். காரணம் ரொம்பச் சாதாரணம். அவளுக்குப் பிறகு வெல்டிங் பக்கம் வேறு பெண் யாரும் வரவில்லை.

அவள் பார்த்தது குழாய் வேலை. நீராவி போகிற குழாய்களை ஒன்றோடு ஒன்று பற்றவைத்துச் சேர்ப்பது. சேர்த்த இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அறுத்து எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். அவள் செய்த மூட்டு அப்படித் திரும்பி வந்தது அபூர்வம். இதில் அவளுக்குக் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். எக்ஸ்ரே படம் வருகிற நாளில் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்து போவாள்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கண்ணைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கண் எரிகிறது, மங்கலாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் ஃபோர்மேன் அன்றைக்கே அவரைக் கிரைண்டிங் பக்கம், உலோகத்தைத் தேய்த்து மழமழப்பாக்குகிற வேலைக்கு, அனுப்பிவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, எல்லாம் பாதுகாப்புக்குத்தான். ஆனால் கிரைண்டிங் பக்கம் போனவர் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் வாரம் பிறக்கும்போது ஃபோர்மேன் வரிசையாக வந்து "கண்ணு எப்படி?" என்று கேட்பார், எல்லோரும் "நல்லாருக்கு" என்பார்கள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிய வழிய "நல்லாருக்கு" என்று சொன்னவர்களும் உண்டு. பழக்கம் முற்றிப்போய், ஒரு மூத்த வெல்டர் கண்ணாடிக் கடைக்கே போய், கடைக்காரர் கேட்டதும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வாங்காமல் திரும்பி வந்தார்.

புதுசுக்கும் கண்ணில் ஒன்று இருந்தது. சில மாதங்களுக்கு ஒரு தடவை வரும். பார்வையின் ஓரத்தில் ஒரு பொட்டு மினுங்கும். அது மெல்ல விரிந்து, ரம்பத்தின் பல் மாதிரி கோடு கோடாகத் துடிக்கும். எதிரே இருப்பவர் முகத்தில் பாதி காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே விலகிவிடும். பின்னாலேயே ஒரு பக்கத் தலைவலி வரும், வயிற்றைப் புரட்டும். வெல்டிங் வெளிச்சம் பட்டால் வரும் உபத்திரவம் வேறு என்பது அவளுக்குத் தெரியும். அது சாயங்காலத்துக்கு மேல் இரண்டு கண்ணிலும் மணலை வாரிப் போட்ட மாதிரி உறுத்தும். இருந்தாலும் இரண்டையும் தொழில் கணக்கிலேயே எழுதி வைத்துவிட்டாள். நெருப்போடு வேலை செய்தால் இதெல்லாம் இருக்கும்தான் என்பது அவள் முடிவு.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் பிறந்ததில் பாதித் திட்டம் இருந்தது. மகன் பிறந்ததில் திட்டமே இல்லை. இருவரையும் உயிராக வளர்த்தாள், அது வேறு விஷயம். கோளாறு கருத்தடை மாத்திரையில் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறி மாறிப் போகிறவளுக்கு ஒரே நேரம் என்று ஒன்று எங்கிருந்து வரும்? சில நாள் மறந்தாள். சில நாள் மறந்துவிட்டோமோ என்று நினைத்து இரண்டு போட்டாள். மகன் வந்துவிட்டான்.

கர்ப்பம் என்று தெரிந்தால் பட்டறையில் ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கையுறையும் வெல்டிங் கம்பியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அதற்குள் குழாய் வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும். திரும்பி வந்த பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் செய்து காட்டி வாங்க வேண்டும். இரண்டாவது தடவை அதை வாங்குவதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மூன்றாவது என்று ஒன்று வந்தால் குழாய் வேலை அதோடு போச்சு. இந்த ஒரு பயம் அவளை ராத்திரி பகலாக அரித்தது.

குடும்பநலப் பிரிவில் இருந்த நர்ஸ், வயதில் அவளைவிடச் சின்னவர், பொறுமையில் மூத்தவர். மாத்திரைக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து வைத்தார். நிறமில்லாத, மெத்தென்ற, உள்ளங்கைக்குள் அடங்குகிற வளையம்.

"இதுல மருந்து இருக்கு. மாத்திரையில இருக்கற மாதிரி ஹார்மோன்தான். ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சு நீங்களே உள்ள வச்சுக்கலாம், பிறப்புறுப்புக்குள்ள. மூணு வாரம் அப்படியே இருக்கட்டும். எடுத்துட்டு ஒரு வாரம் விடுங்க, அப்ப மாதவிலக்கு வரும். அந்த வாரம் முடிஞ்சதும் அதே கிழமையில புதுசு ஒண்ணு வைக்கணும்."

"சரியா எந்த இடத்துல வைக்கணும் சிஸ்டர்?"

"உறுத்தாத இடம் எல்லாமே சரியான இடம்தான். உறுத்தினா இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

இவ்வளவு தாராளமாக அளவு சொல்கிற வேலையை அவள் அதுவரை பார்த்ததில்லை. ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகு நர்ஸ் கேள்விகளை ஆரம்பித்தார். சிகரெட் பிடிக்கும் பழக்கம் உண்டா, இல்லை. ரத்த அழுத்தம், கையோடு அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் உறைந்தது உண்டா, இல்லை. காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கிறாளா, இல்லை. சில மருந்து வளையத்தின் வேலையைக் கெடுத்துவிடுமாம்.

"தலைவலி வருமா? வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம், கோடு, அந்த மாதிரி ஏதாவது தெரியுமா?"

"கண்ணு நல்லாருக்கு," என்றாள் புதுசு.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. கேள்வி அவள் மூளைக்குப் போகவே இல்லை. 'கண்' என்ற சொல் காதில் விழுந்தது, வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. நர்ஸ் டிக் போட்டார். வளையத்தை வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்கச் சொன்னார். பால்வினை நோய் எதையும் இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு நல்ல காலம். வளையம் அதன்பாட்டுக்கு உள்ளே கிடந்தது. ஷிப்ட் மாறினால் அதற்கென்ன? வைத்ததும் மறந்துவிடலாம், எடுக்க வேண்டிய நாளில் போன் மணியடித்துச் சொல்லும். வீட்டில் சமைக்கச் சொல்லாத, பட்டறையில் கேள்வி கேட்காத, பள்ளிக்கூடத்திலிருந்து புகார் கொண்டுவராத ஒரே ஜீவன் அதுதான் என்று அவளுக்குத் தோன்றும். இவ்வளவு நிம்மதியாக அவள் கல்யாணத்துக்குப் பிறகு இருந்ததில்லை.

அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பேச்சு குறைவு. கட்டடம் கட்டடமாக நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் நடக்கவே அலுத்துக்கொள்வார். வளையம் இருப்பது அவருக்குத் தெரியும், அது எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு நாள் இரவு, ஏதோ தட்டுப்படுகிறது என்று சொன்னார். நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது, தொந்தரவாக இருந்தால் கொஞ்ச நேரம் எடுத்து வைக்கலாம், மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவள் எடுத்தாள், குளிர்ந்த தண்ணீரில் கழுவினாள், வாஷ்பேசின் ஓரத்தில் சோப்புக் கிண்ணத்தில் வைத்தாள். பிறகு அசந்து தூங்கிப்போனாள்.

காலையில் கிண்ணத்தில் சோப்பு மட்டும் இருந்தது. கணவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். பேசினுக்குக் கீழே தேடினாள், குப்பையைக் கிளறினாள், மகனைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். கடைசியில் கணவருக்குப் போன் போட்டாள்.

"பேசின்ல ஒரு வளையம் இருந்துச்சே, பாத்தீங்களா?"

"அந்த ரப்பர் ஓ-ரிங்கா? பையில போட்டுட்டு வந்துட்டேன். இங்க வால்வு மூடி ஒண்ணு கசியுது, அதுல போட்டுப் பாத்தேன்."

"போட்டுப் பாத்தீங்களா?"

"அளவு சரியாதான் இருக்கு. ஆனா ரொம்ப மெத்துனு இருக்கு, அழுத்தம் தாங்காது. எந்தக் கடையில வாங்கின?"

அது என்ன என்று அவள் சொன்னாள். மறுமுனையில் ஸ்பானரால் எதையோ கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கழுவிக் கொண்டுவரேன்," என்றார்.

அவர் கழுவிக் கொண்டுவரும்வரை காத்திருக்க அவள் தயாராக இல்லை. நேராக நர்ஸிடம் போனாள். நர்ஸ் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

"கிரீஸ் பட்டது வேண்டாம். அதோட உறையில போட்டுக் குப்பையில போட்டுடுங்க, டாய்லெட்ல போடக் கூடாது. இப்பவே புதுசு ஒண்ணு வச்சுக்கோங்க, பழையதை எடுக்க வேண்டிய நாள்லயே இதையும் எடுங்க. மூணு மணி நேரம் எப்பவோ தாண்டிடுச்சு, அதனால ஏழு நாளைக்கு ஆணுறையும் சேத்துக்கணும். அடுத்த தடவை எடுத்து வச்சா அலாரம் வைங்க."

புதுசு தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனவளை நர்ஸ் உட்காரச் சொன்னார். வந்ததுதான் வந்தீர்கள், பழைய கேள்விகளை இன்னொரு தடவை கேட்டுவிடுகிறேன் என்றார். வளையம் போட்ட இன்னொரு பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி இருந்ததாம். வருவதற்கு முன்னால் கண்ணில் ரம்பம் மாதிரி கோடு தெரியுமாம். அதை ஒரு விஷயமாகவே அந்தப் பெண் நினைக்கவில்லையாம்.

"அந்த மாதிரி கோடு தெரியறவங்களுக்கு இந்த வளையம் கூடவே கூடாது. மூளையில ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வர்றதுக்கான ஆபத்து கூடும். எல்லாருக்கும் வராது, ஆனா வந்துட்டா கை கால் விழுந்துடலாம், உயிரே போகலாம். உங்களுக்கு அந்த மாதிரி இல்லையே?"

இந்த முறை கேள்வி மூளைவரை போயிற்று. ரம்பம் என்ற சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கையோடு ஸ்டோர் ரூம் கண் முன்னால் வந்து நின்றது. வளையத்தைப் பிடுங்கிவிடுவார்கள், மறுபடியும் மாத்திரை, மறுபடியும் மறதி, மறுபடியும் கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. விஷயம் பட்டறைக்குத் தெரிந்தால் நேரே கிரைண்டிங்.

"இல்ல சிஸ்டர். கண்ணு நல்லாருக்கு."

நர்ஸ் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பார்வை திடீரென்று கெட்டால், கை மரத்துப்போனால், பேச்சு குழறினால், யாரையும் கேட்க வேண்டாம். வளையத்தை எடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

புதுசு வீட்டுக்கு வந்து புது வளையத்தை வைத்துக்கொண்டாள். இனி நடப்பதற்கு அவள்தான் பொறுப்பு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இத்தனை வருஷமாக வருகிற கோடு, இதுவரை என்ன செய்துவிட்டது என்று தன்னிடமே வாதாடினாள். வாதத்தில் ஜெயித்தாள். எதிர்த்தரப்பும் அவளே என்பதால் அதில் சிரமம் இருக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ராத்திரி படுக்கும்போது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கும் பழக்கம் வந்தது. பயத்தில்தான் பார்த்தாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

சில வாரம் கழித்து, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். மகள் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு முடித்திருந்தாள். பெயர்ச் சீட்டு ஒட்டியாகிவிட்டது, பெயர் எழுத வேண்டும். அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் பேனாவை அவளிடம் நீட்டினாள். எழுத உட்கார்ந்தபோதே புதுசுக்கு வலது ஓரத்தில் பொட்டு மினுங்க ஆரம்பித்திருந்தது. வழக்கம்போலப் பொருட்படுத்தவில்லை. கோடு விரிந்தது. பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்று நடந்தது. வலது கையின் சுண்டுவிரல் மரத்தது, அடுத்த விரலும் மரத்தது, பேனா நழுவி மேசையில் விழுந்தது.

"அம்மா, எழுதும்மா. முதல்ல என் பேரு, அதுக்குக் கீழ வகுப்பு."

புதுசு மகளைப் பார்த்தாள். மகளின் பெயர் வரவில்லை. இது யார் என்று தெரிந்தது, தன் வயிற்றில் பிறந்தது தெரிந்தது, போன வாரம் காய்ச்சலில் கிடந்ததுகூட நினைவில் இருந்தது. பெயர் இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு சொல் வந்தது, அது பெயரும் இல்லை, சொல்லும் இல்லை.

மகள் சிரித்தாள், அம்மா விளையாடுகிறாள் என்று. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அப்பா," என்று கூப்பிட்டாள்.

அவர் வந்து ஒரு பார்வை பார்த்தார். செருப்பைத் தேடினார். அந்த இடைவெளியில் புதுசு குளியலறைக்குள் போய், மரத்துப்போகாத இடது கையால் வளையத்தை வெளியே எடுத்தாள். அவளுக்கு அப்போது குழாய் வேலை ஞாபகம் வரவில்லை, ஸ்டோர் ஞாபகம் வரவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் என்ன, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆட்டோவில் பாதி வழியில் விரல்களில் உணர்ச்சி திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பெயர் வந்தது. வந்தவுடன் அதைச் சத்தமாகச் சொன்னாள், மூன்று நான்கு தடவை. மகளையும் மகனையும் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். கேட்பதற்குக் கணவரும் ஆட்டோக்காரரும்தான் இருந்தார்கள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எங்கேயும் உறையவில்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்னால் எப்போதாவது கண்ணில் ஏதாவது தெரிந்ததுண்டா என்று கேட்டார். புதுசின் வாய் 'நல்லா' வரைக்கும் போய்விட்டது. கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் வாயை மூடி, திரும்பத் திறந்தாள்.

"தெரியும். ரொம்ப வருஷமா தெரியும்."

இது பக்கவாதம் இல்லை, ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டம்தான், இந்த முறை கைக்கும் பேச்சுக்கும் பரவியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். ஆனால் இப்படி வருகிறவர்கள் அந்த ஹார்மோன் வளையத்தைத் தொடவே கூடாது, தப்பித்தீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்டதும் அவள் கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

வராந்தாவில் கணவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "நீ அப்பப்ப சுவத்தைப் பாத்துட்டு உக்காந்துடுவ. கூப்பிட்டா பதில் இருக்காது. வெல்டர்னா அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்." அவளுக்குக் கோபம் வந்தது. இவர் மேலா தன் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

இரண்டு நாள் கழித்து நர்ஸின் முன்னால் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவை யோசிக்காமல் சொன்னது, இரண்டாவது தடவை யோசித்துச் சொன்னது, ஸ்டோர், கிரைண்டிங், எதையும் விடவில்லை. நர்ஸ் கோபப்படவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இங்க சொல்றது எதுவும் உங்க பட்டறைக்குப் போகாது. அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"சரி சிஸ்டர். இப்ப எனக்கு மறுபடியும் அந்த மாத்திரைதானே?"

"அதுவும் உங்களுக்கு ஆகாது, ரெண்டுலயும் ஒரே மருந்துதான். காப்பர்-டி இருக்கு. கர்ப்பப்பையில வைக்கற சின்னச் செம்புக் கம்பி, ஹார்மோனே கிடையாது. ஒரு தடவை நாங்க வச்சுவிட்டா வருஷக்கணக்குல இருக்கும், நீங்க எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். மாதவிலக்கு முதல்ல கொஞ்சம் அதிகமா இருக்கலாம். அது வேண்டாம்னா கையில தோலுக்கடியில வைக்கற சின்னக் குச்சி இருக்கு. அதுல வேற ஹார்மோன், பொதுவா உங்களை மாதிரி இருக்கறவங்களும் வச்சுக்கலாம், டாக்டர் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்வார்."

புதுசு நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் இப்ப புதுசா வந்துதா?"

"இல்லையே. எப்பவும் இருக்கு. வளையம் ஒத்து வருதுன்னு சொன்னீங்க, அதனால நான் அதைப் பத்திப் பேசல."

அவள் அழுதாள். பட்டறையில் கண்ணீர் வழிய "நல்லாருக்கு" என்பவர்களின் அழுகை இல்லை இது, மூக்கு ஒழுகி முந்தானை நனைந்த அழுகை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் ஒரு பொருளுக்காக உயிரைப் பந்தயம் வைத்திருக்கிறாள். நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

செம்புக் கம்பியைத் தேர்ந்தெடுத்தாள். உலோகம் என்றால் அவளுக்கு நம்பிக்கை. அடுத்த வாரம் ஃபோர்மேன் வரிசையில் வந்து "கண்ணு எப்படி?" என்றபோது, சில நாள் கோடு தெரிகிறது, தெரிகிற அன்று அது விலகும்வரை வெல்டிங் டார்ச்சைத் தொட மாட்டேன், விலகாவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்னாள். வரிசை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ஃபோர்மேன் இப்படி ஒரு பதிலைக் கேட்டுப் பழகாதவர். என்ன செய்வதென்று தெரியாமல் "சரி, பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். மேலே கேட்டுவிட்டு வந்து ஒரு மாதம் கிரைண்டிங் பக்கம் அனுப்பினார். டாக்டரின் கடிதம் வந்த பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். குழாய் வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் தனியாக இல்லை, கூட ஒரு ஆள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தில் வெல்டர்கள் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், டீ நேரத்தில் அவளிடம் வந்து அந்த டாக்டர் எங்கே உட்காருகிறார் என்று விசாரித்தார்கள்.

வீட்டில் மகள் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். அம்மா வேலை முடிந்து வந்ததும் பையை இறக்கி வைக்கக்கூட விடுவதில்லை. வாசலை மறித்து நின்று, "என் பேரு என்ன, சொல்லு," என்பாள். விளையாட்டுக் குரலில்தான் கேட்பாள். கண் மட்டும் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

புதுசு சொல்லிவிடுவாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருகிறாள் என்பது மகளுக்குத் தெரியாது.